ஒருவரும் கேட்காத ஞாயிற்றுக்கிழமை

உதைபந்தாட்டம் காலால் விளையாடுகிற விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஒருநாள் என் சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது கலண்டரால் விளையாடுகிற விளையாட்டு. எங்கள் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ரொறன்ரோவில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு சுற்றுப்போட்டி நடத்துகிறார்கள். யார் யாரோடு, எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு என்ற அட்டவணையைப் போடுகிறவள் நான். பந்தை என் வாழ்நாளில் ஒருதரம்தான் உதைத்திருக்கிறேன். அதுவும் அது என் காருக்குக் கீழே உருண்டு வந்து நின்றபடியால்.

நான் செய்கிற தொழிலால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதிமாருக்கும் உதவியாளர்களுக்கும் ஷிப்ட் போடுகிறேன். ஒருத்திக்கு வெள்ளி இரவு ஏலாது, இன்னொருத்திக்குப் பிள்ளையின் நீச்சல் வகுப்பு, மற்றவள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவாள். இதையெல்லாம் சமாளிக்கிறவள் என்று கேள்விப்பட்டு, கொமிற்றியில் இருந்த ஓர் அண்ணை, "ஷிப்ட் போடுற பிள்ளைக்கு மச் போடுறது என்ன பெரிய வேலையோ?" என்றார். ஐம்பது தாண்டிய என்னைப் பிள்ளை என்றதில் உச்சி குளிர்ந்து ஓம் என்றுவிட்டேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

பனி கரையத் தொடங்கியதும் ஒவ்வொரு அணியும் தங்களுக்கு ஏலாத நாட்களை எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரிக்குக் கோயில் தேர். இன்னொன்றுக்கு அரங்கேற்றம், ஆடுகிற பிள்ளையின் தகப்பன்தான் கோல்கீப்பர். மூன்றாவதில் ஒரு பூப்புனித நீராட்டு விழா, பாதி அணி தாய்மாமன்மார். ஒரு கல்லூரி ஒருமுறை கோடை முழுவதுமே ஏலாது என்று சொல்லி அனுப்பியது. "அண்ணை, அப்ப ஏன் ரீம் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். "கொலிஜின்ர பேர் இருக்கோணும் பிள்ளை" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். நான் போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

இவ்வளவு கரைச்சலிலும் ஒரேயொரு ஆட்டத்தை மட்டும் நான் ஆசையோடு போடுவேன். அது என் கணவரின் கல்லூரியும் என் தம்பியின் கல்லூரியும் மோதுகிற ஆட்டம். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு கல்லூரிக்கும் நடுவே ஓர் ஒழுங்கைதான். ஒரு பக்கம் மணி அடித்தால் மற்றப் பக்கத்துப் பிள்ளைகள் புத்தகத்தை மூடுவார்கள். சண்டை பிடிப்பதற்கு இதைவிட வசதியான தூரம் கிடையாது. இங்கே வந்தும் அந்தச் சண்டை விடவில்லை. இவர் தன் கல்லூரி அணிக்குப் பொறுப்பாளர், தம்பி தன் கல்லூரி அணிக்குப் பொறுப்பாளர். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் மீன் போட்டுக் காய்ச்சின கூழை ஒரே பானையில் குடிப்பது வழக்கம். தோற்ற அணியின் பொறுப்பாளர் வென்ற அணியின் பொறுப்பாளருக்குத் தன் கையால் கூழ் வார்க்க வேண்டும்.

என் கணவரும் என் தம்பியும் கதைப்பதில்லை. சும்மா கோபம் இல்லை, அறவே கதைப்பதில்லை. அப்பா எங்களோடுதான் வோபர்னில் இருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவருக்கு முகம் வழித்ததும், குளிக்க வார்த்ததும், கஞ்சி பருக்கியதும் இவர்தான். நான் வேலைக்கு ஓடுவேன். இவர் இரவு வேலை முடித்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மாமாவைப் பார்ப்பார். கடைசியில் நெஞ்சுச்சளி பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒரு கிழமைக்குள் அப்பா போய்விட்டார். செத்தவீட்டில் சனத்துக்கு முன்னால் தம்பி சொன்னான்: "அத்தான் பாத்த லட்சணத்துக்குத்தான் அப்பா இதிலை கிடக்கிறார்." துக்கத்தில் வந்த வார்த்தைதான். எனக்குத் தெரியும். ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதானே. இவர் வெளியே போய்க் கார் நிறுத்துமிடத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு நான் விட்பியில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போவேன், அவன் எங்கள் வோபர்ன் வீட்டுக்கு வரமாட்டான். அவன் வீட்டு விசேஷம் என்றால் இவருக்கு அன்றைக்கென்று வேலை இருக்கும். எங்கள் வீட்டு விசேஷம் என்றால் அவனுக்குக் காய்ச்சல் வரும். வருடத்தில் ஒரு நாள், அந்த ஆட்டத்தன்று மட்டும், இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் நிற்பார்கள். ஒருவர் வார்க்க மற்றவர் கோப்பையை நீட்டுவார். ஒரு சொல்லும் இருக்காது. ஆனாலும் பக்கத்தில் நிற்பார்கள், நான் இரண்டு முகத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பேன். எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த நாளைத்தான் விரிவாக்கம் வந்து விழுங்கப் பார்த்தது.

அதுவரை எட்டு அணிகள். எல்லோரும் எல்லோரோடும் ஒருதரம் விளையாடலாம், கணக்குச் சரி. போன மாரியில் நான்கு புதிய அணிகள் சேரக் கேட்டன. கிழக்கு மாகாணத்திலிருந்து இரண்டு, வன்னியிலிருந்து ஒன்று, ஒஷாவாப் பக்கத்தில் இருக்கிற பல கல்லூரிக்காரர் சேர்ந்து ஒன்று. சேர்க்கத்தான் வேண்டும். "கிழக்குக்காரரை இவ்வளவு நாளும் கூப்பிடாமல் விட்டதே பிழை" என்று நானும் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன், கையும் தட்டினேன். பிறகுதான் கணக்கு வந்தது. பன்னிரண்டு அணிகளும் எல்லோரோடும் விளையாட நகரசபை தருகிற மைதான நேரம் காணாது. ஆறு ஆறாக இரண்டு பிரிவு. அந்தந்தப் பிரிவுக்குள் மட்டும் ஆட்டம். யார் எந்தப் பிரிவு என்று ஒரு தொப்பிக்குள் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். இவருடைய கல்லூரி முதலாம் பிரிவு. தம்பியின் கல்லூரி இரண்டாம் பிரிவு.

எல்லோரும் வடையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓர் அண்ணை, "ஒழுங்கைக்குள்ளை மதில் எழும்பிட்டுது" என்று பகிடி விட்டார். எனக்கு வாய்க்குள் இருந்த வடை இறங்கவில்லை. இறுதியாட்டத்துக்கு இரண்டு அணியும் வந்தால் சந்திக்கலாம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் இறுதியாட்டத்துக்கு வருவதென்றால் மற்றப் பத்து அணியும் ஒரே நாளில் வயிற்றோட்டத்தில் விழ வேண்டும். "எனக்கு இந்த மச் வேணும், ஏனெண்டால் என்ர மனுசனும் தம்பியும்" என்று கூட்டத்தில் எழும்பிச் சொல்ல முடியுமா? எங்கள் சனத்துக்கு முன்னாலா? அடுத்த நாள் கதை மொன்றியல் வரை போய்விடும்.

வேலையிடத்தில் என் மேலாளர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். அவர்களுடைய பல்கலைக்கழக உதைபந்தாட்டத்தில் பைத்தியம் உள்ளவர். அது கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேறு ஆட்டம், ஏன் அதற்கு அந்தப் பெயர் என்று நான் இதுவரை கேட்கவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷிப்ட் போடுவதைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். ஆட்டக் கதையை மட்டும் சொன்னேன். மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கேயும் இதே கூத்துத்தானாம். லீக்குகள் பெருத்துப் பெருத்து, இந்தச் சமுத்திரக் கரையில் இருக்கிற அணி அந்தச் சமுத்திரக் கரைக்குப் பறந்து போய் விளையாடுகிறதாம். நூறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் அடிபட்ட அணிகள் இப்போது சந்திப்பதே இல்லையாம். அவருடைய பல்கலைக்கழகத்துக்கும் அதே கதி. சொல்லும்போது மனிதருக்குக் கண் கலங்கியது. எனக்கே ஐயோ பாவம் என்று இருந்தது. பிறகு ஒரு வழியும் சொன்னார். சில லீக்குகளில் பழைய எதிரிகளுக்கென்று ஓர் ஆட்டத்தை ஒதுக்கிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களாம். எந்தப் பிரிவுக்குப் போனாலும் அந்த ஆட்டத்தில் கை வைக்கக் கூடாதாம்.

அந்த மனிதரை அன்று கும்பிட்டிருப்பேன், அலுவலகம் என்றபடியால் விட்டேன். அடுத்த கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், "அமெரிக்காவிலை இப்பிடித்தான் செய்யினம்" என்று தொடங்கினேன். அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களின் தலை பாதி ஆடிவிடும். இந்த இரண்டு கல்லூரிக்கும் பாதுகாத்த ஆட்டம் ஒன்று என்று முடிவாயிற்று. "நாளுக்கு எங்கை போறது?" என்று ஒருவர் கேட்டார். நான் கலண்டரைத் திறந்தேன். ஓகஸ்ட் நீண்ட வார இறுதியின் ஞாயிறு வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஒரு கல்லூரியும் அந்த நாளை ஏலாது என்று சொல்லவில்லை. தேர் இல்லை, கலியாணம் இல்லை, அரங்கேற்றம் இல்லை, ஒருவருடைய ஐம்பதாவது பிறந்தநாள்கூட இல்லை. எனக்குப் புதையல் எடுத்த சந்தோஷம். நகரசபையும் இரண்டு நேரம் தந்தது. காலை எட்டிலிருந்து மத்தியானம் வரை எங்கள் இரண்டு கல்லூரிக்கு, ஆட்டம் பத்து மணிக்கு. பின்னேரம் மூன்று மணி புதிதாகச் சேர்ந்த மட்டக்களப்பு அணியின் முதலாவது ஆட்டத்துக்கு. அவர்களுக்கு அது பெரிய நாள். பறை, பதாகை, வெளியூரிலிருந்து விருந்தினர் என்று எல்லாம் ஏற்பாடு.

ஒரு நாள் ஏன் அவ்வளவு வெறுமையாகக் கிடக்கிறது என்று அந்த அறைக்குள் இருந்த ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லோரும் படித்த, கோயிலுக்குப் போகிற, பஞ்சாங்கம் பார்த்துக் கார் வாங்குகிற ஆட்கள்.

ஆட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை மரக்கறி வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். வாசலிலேயே பெரிய பெட்டியில் காத்தோட்டிக்காய் குவிந்து கிடந்தது. சனம் அள்ளிக்கொண்டு நின்றது. ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது, கூடையைக் கீழே வைத்துவிட்டேன். காத்தோட்டிக்காயை எங்கள் ஆட்கள் வருடத்தில் தேடித் தேடிச் சமைக்கிறது ஒரு நாளைக்குத்தான். ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து, காலையில் கோயிலுக்குப் போய்ப் பிதிர்க்கடன் செய்து, மத்தியானம் இலையில் படைத்த பிறகுதான் ஒரு வாய் சாப்பிடுவார்கள்.

"அட கோதாரி" என்றேன். பக்கத்தில் நின்ற அன்ரி திடுக்கிட்டுத் தன் காய்களைப் பார்த்தார்.

எங்கள் இரண்டு அணியிலும் பெரும்பாலானோர் ஐம்பதை அண்டியவர்கள். தகப்பன் இருக்கிற வயதா? என்றாலும் ஒரு நப்பாசை. பதினொரு பேரைத் தேற்ற முடியுமா என்று ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தேன். இப்படி ஒரு கேள்வியை உலகத்தில் எந்த அட்டவணைக்காரியும் கேட்டிருக்கமாட்டாள்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கட அப்பா இருக்கிறாரோ?"

"ஏன் பிள்ளை, சம்பந்தம் பேசப் போறியளோ?" என்றார் முதலாமவர்.

"இருக்கிறார், ஆனா ஊரிலை" என்றார் இன்னொருவர்.

"எங்கை இருந்தாலும் காணும் அண்ணை. நீங்கள் பத்து மணிக்கு வாங்கோ."

மூன்றாமவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார். "போன மாசியிலைதான் பிள்ளை போனவர். இதுதான் எனக்கு முதல் அமாவாசை" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "இல்லைப் பிள்ளை, ஆராவது அவரைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சந்தோசம்தான்" என்று சொல்லி, தகப்பன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த கதையை ஆறுதலாகச் சொன்னார். நான் ஆட்டத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவருடைய அணியில் ஆறு பேர் தேறினார்கள். தம்பியின் அணியில் அதுவும் இல்லை. தம்பி தகப்பனின் விரதத்தில் ஒரு நூல் பிசகமாட்டான். பத்து மணிக்கு அவன் கோயிலில் நிற்பான். மைதானத்துக்கு வரவேமாட்டான். வேறு நாளும் இல்லை. அந்தக் கோடையில் மிச்சமிருந்த மைதான நேரமெல்லாம் போய்விட்டது. முதல் வருடமே பாதுகாத்த ஆட்டம் நடக்காவிட்டால் அடுத்த வருடம் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். எனக்கு இருந்த ஒரு நாளும் போச்சு என்று சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டேன். இவர் வந்து பார்த்து, "ஒரு மச்சுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டார். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று பாய்ந்தேன். பாவம் மனிதர், வாயை மூடிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மட்டக்களப்பு அணியின் பொறுப்பாளர் தானே போன் எடுத்தார். அவரை எனக்கு இரண்டு கூட்டத்தில் பார்த்த பழக்கம் மட்டும்தான். மெல்லிய, சிரித்த முகமான மனிதர்.

"அக்கா, அமாவாசைக் கதை கேள்விப்பட்டன். நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க. எங்கட மெட்ச காலமைக்குப் போடுங்க. நீங்க பின்னேரத்த எடுங்க."

"உங்களுக்கும் அமாவாசைதானே?"

"எங்களுக்கு இல்லாமலா அக்கா? எங்கட ஊருக் கோயில்ல தீர்த்தமே அண்டைக்குத்தான். எங்கட பொடியனுகள்ல கனபேருக்கு அப்பாட முகமே ஞாபகம் இல்ல. சின்ன வயசில இருந்து விரதம் பிடிச்சுப் பழகின ஆக்கள். எட்டு மணிக்குத் தொடங்கினா வெறும் வயித்தோட விளையாடிப்போட்டு, மறுகா குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போவம். உங்கட ஆக்கள் வயசு போனவங்க, வெறும் வயித்தில ஓடி விழுந்தா ஆரு தூக்குற?"

"உங்கட விருந்தாளியள்? பறை, பதாகை எல்லாம்?"

"வாற ஆக்கள் காலமையும் வருவாங்க. புதுசா வந்த நாங்க பழைய ஆக்கள்ற மெட்சக் கெடுத்திட்டம் எண்டு இருக்கக் கூடாதக்கா."

இத்தனை வருடம் நாங்கள் கூப்பிடாமல் இருந்த ஆட்கள். வந்த முதல் கோடையிலேயே தங்கள் பெரிய நாளைத் தூக்கி எங்கள் கையில் தருகிறார்கள். அந்த ஆட்டத்தில் எனக்கு என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நன்றி சொல்ல வாயைத் திறந்து, "மைதானத்துக்கு நேரத்துக்கு வந்திடுங்கோ, நகரசபைக்காரர் பொல்லாதவங்கள்" என்றேன். எனக்கு நல்ல சொல் நேரத்துக்கு வராது.

ஞாயிறு விடிய எட்டு மணிக்கு நான் போய் அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தேன். நெற்றியில் திருநீறோடு ஓடினார்கள். தண்ணீர்கூட வாயில் படவில்லை. விருந்தினர் பாதிதான் வந்திருந்தார்கள், பறையும் ஒன்றுதான், வெயில் அப்போதே சுட்டது. ஒரு கோலால் தோற்றார்கள். பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே வந்து, "அடுத்த வருசம் சாப்பிட்டுட்டு வந்து வெல்லுறம் அக்கா" என்றார். அன்று அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். தம்பி, கணவர், செத்தவீடு, எல்லாம். வெளியாருக்கு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனிதர் என் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சமைக்கத் தொடங்கினேன். இவர் தன் தகப்பனுக்காக விரதம், முழுகி, கோயிலுக்குப் போய் வந்து, வேட்டியோடு நின்றார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தம்பியின் போன். கை ஈரம் என்றபடியால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, கோயிலாலை இப்பதான் வெளிக்கிட்டனான். 401 றோட்டு அசையுதில்லை, லோங் வீக்கெண்ட் சனம். மனுசியும் பிள்ளையளும் ஒட்டாவாவிலை. நான் இனி விட்பிக்குப் போய், சமைச்சு, அப்பாவுக்குப் படைச்சு, சாப்பிட்டிட்டுத் திரும்பி வர மச் முடிஞ்சிடும். ரீமை வேற ஆளிட்டைப் பொறுப்புக் குடுத்திட்டன். இந்தமுறை என்னை விடுங்கோ."

நான் துருவலையில் கையை வைத்தபடி நின்றேன். அந்தப் பாடு பட்டு, ஊரையே மாற்றி வைத்து, கடைசியில் இதற்கா? "உன்ர விருப்பம்" என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அதற்குள் இவர் வந்து போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"தம்பி."

அந்தப் பக்கத்தில் காரின் சிக்னல் மட்டும் டிக் டிக் என்று கேட்டது.

"காரைத் திருப்பு. இஞ்சை வந்து படை. மாமா இஞ்சைதானே இருந்தவர். சோறு கறி எல்லாம் ஆயத்தமாகுது."

இந்த மனிதருக்கு என்ன பிடித்தது? போன் அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அறவில்லை.

"ஓம் அத்தான்" என்றான் தம்பி. குரல் அப்பாவின் குரல் மாதிரி இருந்தது.

பின்னேரம் நடந்த ஆட்டத்தைப் பற்றி யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்ததால் ஒருவராலும் ஓட முடியவில்லை. கோல் இல்லாமல் முடிந்தது. விரத நாளில் மீன் கூடாது என்பதால் கூழும் இல்லை. மோர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். பார்க்க வந்தவர்கள் இதைவிட மோசமான ஆட்டத்தைக் கண்டதில்லை என்று திட்டினார்கள். எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

தம்பி வந்தபோது மத்தியானம் ஒரு மணி. கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளை மாதிரி வாசலில் நின்றான். "உள்ளை வாவன்ரா, என்ன புதுசா?" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன். இவர் சமையலறையில் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்து, தலையை ஆட்டினார்கள். அவ்வளவுதான்.

சாமி அறையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று என் மாமனார், மற்றது அப்பா. இரண்டுக்கும் முன்னால் இரண்டு வாழையிலை விரித்திருந்தது. விளக்கு எரிந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"நான் வாறன் எண்டோ மற்ற இலை போட்டனியள்?"

"இல்லையடா. ஒவ்வொரு வருசமும் ரெண்டு இலைதான்."

"ஆர் படைக்கிறது?"

"அத்தான்தான். அப்பா போன அடுத்த ஆடியிலை இருந்து."

இதை நான் அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லட்டுமா என்று எத்தனையோ தரம் இவரைக் கேட்டிருக்கிறேன். வேண்டாம், சொல்லிக் காட்டுகிற மாதிரி இருக்கும் என்று தடுத்துவிடுவார்.

தம்பி அப்பாவின் படத்தைப் பார்த்தபடியே நின்றான். இவர் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து இலைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அத்தான்," என்றான் தம்பி, "நான் அண்டைக்குச் சொன்னது..."

"சோறு ஆறுது" என்றார் இவர். அகப்பையை அவனிடம் நீட்டினார். "இந்தா, பிடி. இது உன்ர இடம். நீ வருமட்டும் நான் சும்மா பிடிச்சு வைச்சிருந்தனான்."

தம்பி இரண்டு கையாலும் அகப்பையை வாங்கினான். கண்ணீரில் அவனுக்கு இலை தெரியவில்லை. இவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, அப்பாவின் இலைப் பக்கமாகக் கையைத் திருப்பிவிட்டார்.